படகு வேண்டும், நீங்கள் வேண்டாம்

போரும் படகுகளும் – 11

பிரான்சின் கலே துறைமுகம் ஜெர்மானியரிடம் வீழ்ந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அது 1940 மே 26. அன்று மாலை ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, பக்கத்து டன்கர்க்கில் சிக்கிய பிரிட்டிஷ், நேசநாட்டுப் படைகளைக் கடல்வழியே மீட்கும் ஆபரேஷன் டைனமோவைத் தொடங்கும்படி லண்டனிலிருந்து டோவருக்கு உத்தரவு போனது. டோவர் கோட்டைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்க அறைகளிலிருந்து அதை நடத்த வேண்டியவர் வைஸ் அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே. ஜெர்மானியர்கள் வந்து வாசலை அடைப்பதற்குள் இரண்டு நாள் கிடைக்கும், அதற்குள் 45,000 பேரைக் கொண்டுவந்தால் பெரிய விஷயம் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட கணக்கு. மறுகரையில் சிக்கிக் கிடந்தவர்களோ லட்சக்கணக்கில்.

டன்கர்க்கின் உள்துறைமுகம் குண்டுவீச்சில் ஏற்கெனவே பாழாகியிருந்தது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்து, கரும்புகை நாள்கணக்கில் ஊர்மேல் நின்றது. மிஞ்சியது கிழக்குப் பக்கத்து அலைத்தடுப்பு மட்டும். கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அதன் மேல் நாலு பேர் தோளோடு தோளாக நடக்கத் திணறும் அளவுக்கு ஒரு மரப்பலகை நடைபாதை. அலையைத் தடுப்பதற்காகப் போட்டதே தவிர, கப்பல் அணைவதற்காகக் கட்டியதல்ல. கரையில் பொறுப்பேற்க வந்த கேப்டன் வில்லியம் டெனன்ட், வேறு வழியில்லாமல் ஒரு கப்பலை அதன் ஓரத்தில் அணைத்துப் பார்த்தார். தடுப்பு தாங்கியது. பிறகு நடந்த மீட்பில் பெரும்பகுதி அந்த ஒற்றைப் பலகைப் பாதை வழியாக நடந்ததுதான்.

அதற்குக் கிழக்கே மாலோ, ப்ரே-டூன், பெல்ஜிய எல்லை தாண்டி லா பான் என்று மைல் கணக்கில் மணற்கரை. அந்தக் கரையின் தொல்லை அதன் சரிவு. தண்ணீர் மிக மெதுவாகத்தான் ஆழமாகும். நாசகாரிக் கப்பல் தொலைவிலேயே நிற்க வேண்டும். சிப்பாய்கள் கழுத்தளவுத் தண்ணீரில் துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்தபடி மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆட்களை ஏற்றிச் செல்ல, அடிப்பாகம் ஆழமில்லாத சிறிய படகுகள் வேண்டும். நூற்றுக்கணக்கில் வேண்டும். கடற்படையிடம் அவ்வளவு கிடையாது.

(அந்த மணலில் இந்தியர்களும் இருந்தார்கள். பிரெஞ்சுக் களத்தில் சரக்கு சுமக்க, 1939 டிசம்பரில் பம்பாயிலிருந்து கோவேறு கழுதைகளோடு கப்பலேற்றி அனுப்பப்பட்ட நான்கு ராணுவக் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள் இவர்கள். வீரர்களில் பெரும்பாலானோர் பஞ்சாபி முஸ்லிம்கள். ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. மற்றவர்கள் கழுதைகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். ஆங்கிலேயர் எழுதும் டன்கர்க் கதைகளில் இவர்கள் அதிகம் தலைகாட்டுவதில்லை.)

படகுகளுக்கு எங்கே போவது? இங்கேதான் பலரும் தேதியைக் குழப்பிக்கொள்கிறார்கள். மே 14 அன்றே பி.பி.சி. வானொலியில் ஒரு அறிவிப்பு வந்துவிட்டது. 30 அடியிலிருந்து 100 அடிவரை நீளமுள்ள, இயந்திரம் பொருத்திய உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் 14 நாளுக்குள் விவரங்களை அட்மிரால்டிக்கு, அதாவது கடற்படைத் தலைமையகத்துக்கு, அனுப்ப வேண்டும். அப்போது டன்கர்க் பற்றி யாரும் பேசவில்லை. ஜெர்மானியர் போட்ட காந்தக் கண்ணிவெடிகள் இரும்புக் கப்பல்கள் நெருங்கினால் வெடித்தன. மரத்தால் ஆன கண்ணிவாரிக் கப்பல்கள் கட்டுவதில் படகுப் பட்டறைகள் மூழ்கியிருந்தன. துறைமுக வேலைகளுக்குப் புதிய படகு கட்ட ஆளில்லை. ஆகவே கட்டி முடித்துக் கிடக்கும் படகுகளைக் கணக்கெடுத்தார்கள். சிறு கலங்கள் பிரிவு என்ற அலுவலகத்தில், அட்மிரல் லயனல் பிரெஸ்டன் பொறுப்பில், அந்தப் பட்டியல் சேர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு நாளில் டன்கர்க் வந்தது, பட்டியல் கைகொடுத்தது. முன்யோசனை என்று சொல்ல முடியாது. அதிர்ஷ்டம் என்றால் பொருந்தும்.

1939 ஆகஸ்டில் நிறைவேறிய அவசரகால அதிகாரச் சட்டத்தின்படி நிலம், கட்டடம், வண்டி, கப்பல் எதையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். இழப்பீட்டுக்கும் அதே ஆண்டு தனிச் சட்டம் உண்டு. ஆக, உரிமையாளரின் சம்மதம் மரியாதைக்குக் கேட்பதுதான். தேம்ஸ் நதியில் அந்த மரியாதைக்குக்கூட நேரமிருக்கவில்லை. டெடிங்டனில் படகுப் பட்டறை வைத்திருந்த டக்ளஸ் டஃப் என்பவரை பிரெஸ்டன் தொலைபேசியில் கூப்பிட்டார். டஃப் ஆட்களோடு நதியின் மேற்பகுதிக்குப் போய், கட்டிக் கிடந்த படகுகளில் உதவும் என்று தோன்றியதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் டெடிங்டனில் சேர்ந்தன. மெத்தை, பீங்கான், திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றி இறக்கி, பெயர் எழுதி அடுக்கிவிட்டு, எண்ணெய் நிரப்பி அனுப்பினார்கள். தகவல் கிடைக்காத உரிமையாளர்களும் இருந்தார்கள். தன் படகு களவு போய்விட்டது என்று போலீசோடு துரத்திக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு என்று டெடிங்டனில் சொல்வார்கள்.

இப்படி எடுக்கப்பட்ட படகுகள் ஷீர்னஸ் துறைமுகத்துக்குப் போயின. வார இறுதியில் நதியில் மெதுவாகப் போய்வந்த இயந்திரங்கள், பனிக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தவை. அவற்றை ரியர் அட்மிரல் டெய்லரின் ஆட்கள் உதைத்துக் கிளப்பினார்கள். பெரும்பாலானவற்றில் கடற்படை மாலுமிகளை ஏற்றினார்கள். கூடவே வந்த உரிமையாளர்களிடம் டி.124 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு மாதத்துக்குக் கடற்படைத் தொண்டர்களாகப் பதிந்துகொண்டார்கள். அது இல்லாமல் பிடிபட்டால், போர்க்கைதி என்ற உரிமைகூடக் கேட்க முடியாது.

‘படகு வேண்டும், நீங்கள் வேண்டாம்.’ அட்மிரால்டியின் நிலை சுருக்கமாக இதுதான். அதை ஏற்காத ஒருவரின் படகுதான் இந்த வாரத்துக் கதை.

மே 30 மாலை ஐந்து மணி. சார்லஸ் ஹெர்பர்ட் லைட்டோலர் வீட்டில் தொலைபேசி அடித்தது. அவருக்கு வயது 66. அவருடைய ‘சன்டவுனர்’ படகை ராம்ஸ்கேட் துறைமுகம்வரை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அங்கிருந்து கடற்படை மாலுமிகள் அதை டன்கர்க்குக் கொண்டுபோவார்கள் என்றது மறுமுனை. படகைத் தருவதில் லைட்டோலருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டன்கர்க்குக் கொண்டுபோவதென்றால் தானும் மூத்த மகன் ரோஜரும்தான் கொண்டுபோவோம் என்றார். அட்மிரால்டி ஒத்துக்கொண்டது. பேசுவது யார் என்று அங்கே தெரிந்திருக்கும்.

டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர். அதன் அதிகாரிகளில் உயிரோடு மீண்டவர்களுள் மூத்தவர்.

லங்காஷயரின் சோர்லியில் 1874-ல் பிறந்தவர். 13 வயதில் பாய்மரக் கப்பலில் ஏறினார். பதினைந்து வயதில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே ஆளில்லாத செயின்ட் பால் தீவில் அவருடைய கப்பல் மோதி உடைந்தது. இரண்டாம் மேட் தேர்வு எழுதித் தேறியது நம் கல்கத்தாவில். பிறகு நிலக்கரிச் சரக்கு தீப்பிடித்த கப்பல், மேற்கு ஆப்பிரிக்க மலேரியா, கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் தேடிப்போய்க் கையைச் சுட்டுக்கொண்டது எல்லாம் இருபத்தைந்து வயதைச் சுற்றி முடிந்துவிட்டன. நாவலாசிரியர் இப்படி ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தால் பத்திரிகை ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார்.

1912 ஏப்ரல் 15 விடியற்காலையைப் பற்றி இந்தக் கதைக்குத் தேவையான இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்கிறேன். ஒன்று, டைட்டானிக்கின் இடப்பக்கத்து உயிர்காப்புப் படகுகளை இறக்கியவர் லைட்டோலர். பெண்களும் குழந்தைகளும் என்ற கேப்டனின் உத்தரவை, ஆண்கள் கூடவே கூடாது என்று அவர் பொருள் கொண்டார். வலப்பக்கத்தில் மர்டாக் என்ற அதிகாரி, பெண்கள் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் ஆண்களை ஏற்றினார். லைட்டோலர் ஏற்றவில்லை. 65 பேருக்கான 6-ஆம் எண் படகு முப்பது பேர்கூட இல்லாமல் இறங்கியது. மேலேயிருந்து நிறைய ஆட்களோடு இறக்கினால் படகு தாங்காது, கீழ்த்தளத்துக் கதவு வழியாகப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக அவர் சொன்னார். அந்தக் கதவைத் திறக்கப் போன மாலுமிகள் திரும்பி வரவில்லை. அந்தப் படகில் துடுப்புப் போட ஆள் போதாமல், ஆர்தர் பியூக்கன் என்ற கனடாக்காரர் ஒருவரை மட்டும் அவர் இறங்க விட்டார். காரணம், பியூக்கன் உல்லாசப் படகு ஓட்டத் தெரிந்தவர். அதற்கும் தொங்கும் கயிற்றைப் பிடித்து இறங்கிக் காட்டச் சொல்லித்தான் விட்டார்.

இரண்டு, கப்பலோடு லைட்டோலரும் தண்ணீருக்குள் போனார். மேலே வந்தபோது, தலைகீழாகக் கவிழ்ந்து மிதந்த ஒரு மடக்குப் படகு கைக்குக் கிடைத்தது. அதன் முதுகில் முப்பது ஆண்கள்போல ஏறி நின்றார்கள். அலை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் எல்லோரும் ஒன்றாகச் சாய வேண்டும். இடது, வலது, நேர் என்று விடியும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார். படகு தாங்கியது. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ராம்ஸ்கேட்டில் தேவைப்படும்.

முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்தார். வீரப் பதக்கம் இரண்டு முறை கிடைத்தது. இரண்டாவது, 1918 ஜூலையில் ‘கேரி’ என்ற நாசகாரிக் கப்பலால் யு.பி.110 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி மூழ்கடித்ததற்காக. நீரில் தத்தளித்த தம் மாலுமிகள்மேல் அந்தக் கப்பல்காரர்கள் சுட்டார்கள் என்று நீர்மூழ்கியின் தளபதி பின்னாளில் குற்றம் சாட்டினார். டன்கர்க் வீரரின் கதை சொல்லும்போது இதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. விடக்கூடாது. போருக்குப் பிறகு வொயிட் ஸ்டார் கம்பெனி அவருக்கு ஒரு கப்பலைக்கூடத் தலைமை தாங்கக் கொடுக்கவில்லை. டைட்டானிக்கில் இருந்தவர்களை மறந்துவிட அந்தக் கம்பெனி விரும்பியது. அவர் வேலையை விட்டார். விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார், நிலம் வாங்கி விற்றார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடல் ஆசை திரும்ப வந்தது.

1929-ல் அவர் வாங்கியது ஒரு பழைய படகுக் கூடு. கப்பலுக்கும் கரைக்கும் ஆள் ஏற்றிச் செல்வதற்காக அட்மிரால்டி 1912-ல் கட்டிய நீராவிப் படகு அது. டைட்டானிக் மூழ்கிய அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனாலும் பார்த்ததும் கண்ணில் படுகிறது. நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு மோட்டார் வைத்து, அறைகள் கட்டி, 58 அடி நீளக் குடும்பப் படகாக்கினார்கள். 1930 கோடையில் தண்ணீரில் இறக்கினார்கள். பெயர் வைத்தவர் மனைவி சில்வியா, ஆஸ்திரேலியாக்காரர். பத்து ஆண்டுகள் பிள்ளைகளோடு இங்கிலாந்துக் கரையோரமும் ஐரோப்பியக் கரையோரமும் சுற்றினார்கள்.

1939 ஜூலையில் கடற்படை முதல் முறையாக அந்தப் படகைப் பயன்படுத்திக்கொண்டது. ஜெர்மன் கரையோரத்தை வேவு பார்த்து வர வேண்டும். வயதான கணவனும் மனைவியும் விடுமுறைக்குப் படகில் சுற்றுகிறார்கள் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? லைட்டோலரும் சில்வியாவும் போனார்கள், பார்த்தார்கள், குறித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதத்தில் போர் அறிவிப்பு. மறுநாள், செப்டம்பர் 4, வில்ஹெம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின்மேல் குண்டுவீசப் போன பிளெனிம் விமானங்களில் ஒன்றில் அவர்களுடைய கடைசி மகன் பிரையன் இருந்தார். அவர் திரும்பவில்லை. போரின் இரண்டாம் நாளே வீட்டில் ஒரு சாவு.

சிஸ்விக்கில் இருந்த படகுத்துறையில் மே 31 அன்று சன்டவுனரைக் காலி செய்தார்கள். இடத்தை அடைக்கும் எதுவும் மிஞ்சவில்லை. தேம்ஸ் வழியாக சவுத்எண்ட், அங்கிருந்து ராம்ஸ்கேட். ஜூன் 1 காலை பத்து மணிக்குப் புறப்பட்டது. படகில் மூன்று பேர்: லைட்டோலர், ரோஜர், ஜெரால்டு ஆஷ்கிராஃப்ட் என்ற 18 வயது கடற்சாரணர். ஆயுதம் எதுவும் இல்லை.

அன்றைய நாள் எப்படிப்பட்டது என்று ராம்சேயின் அலுவலகத்தில் மாலையில்தான் முழுதாகத் தெரிந்தது. வானம் தெளிந்திருந்ததால் ஜெர்மன் விமானங்கள் அலையலையாக வந்தன. கீத், பசிலிஸ்க், ஹேவன்ட் என்ற மூன்று பிரிட்டிஷ் நாசகாரிகள், ஒரு பிரெஞ்சு நாசகாரி, ஸ்கிப்ஜாக் என்ற கண்ணிவாரி ஆகியவை ஒரே நாளில் மூழ்கின. அந்த இழப்புக்குப் பிறகு பகலில் மீட்பதையே நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் அன்று மட்டும் 64,000 பேருக்கு மேல் மீண்டார்கள். சன்டவுனர் போனது இந்த நாளின் நடுப்பகலில்.

பாதி வழியில் ‘வெஸ்டர்லி’ என்ற மோட்டார் படகு தீப்பிடித்து நின்றது. அதிலிருந்த ஐந்து பேரை ஏற்றிக்கொண்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் தாங்கள் தப்பி வந்த இடத்துக்கே திரும்பப் போக வேண்டிய விதி.

விமானங்கள் சன்டவுனரையும் விடவில்லை. அப்போது உதவியது இறந்துபோன மகன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிரையன் அப்பாவிடம் விமானத் தாக்குதலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். தாழப் பறந்து சுட வரும் விமானி, சுடுவதற்கு முன் மூக்கை நிமிர்த்தி நேர்செய்தாக வேண்டும். அந்தக் கணத்துக்கு முன்னால் படகைத் திருப்பினால் அவனும் திருப்பிக்கொள்வான். அந்தக் கணத்தில் திருப்பினால் அவனால் முடியாது. லைட்டோலர் அணியத்தில் நின்று விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டியதும் சுக்கான் முழுவதும் ஒரு பக்கம் ஒடியும். குண்டுகள் பக்கத்துத் தண்ணீரில் விழுந்தன. பத்து நாட் வேகமே போகும் கிழட்டுப் படகு இப்படித்தான் தப்பியது.

முதலில் மணற்கரையிலிருந்து ஏற்றலாம் என்றுதான் எண்ணினார். நிலைமையைப் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்குள் போனார். அங்கே ‘வொர்செஸ்டர்’ என்ற நாசகாரிக் கப்பலின் ஓரத்தில் சன்டவுனரை அணைத்தார். கப்பலின் தளம் வழியாகச் சிப்பாய்கள் இறங்கி வந்தார்கள். ரோஜர் அடித்தட்டில் நின்று ஆட்களை அடுக்கினார். அடுக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். தீப்பெட்டிக்குள் குச்சி வைப்பதுபோல. ஐம்பது பேர் ஆனதும் எப்படியிருக்கிறது என்று மேலேயிருந்து அப்பா கேட்டார். இன்னும் இடமிருக்கிறது என்று பதில் வந்தது. 75 ஆனபோதுதான் நெருக்கடி என்று மகன் ஒத்துக்கொண்டார். பிறகு மேல்தட்டில் ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் நிற்காதே, உட்காராதே, படு என்றார் லைட்டோலர். எடை கீழேயே இருக்க வேண்டும். மேலும் ஆட்கள் ஏற ஏற, படகு நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்குவது காலடியில் தெரிந்தது. போதும் என்று நிறுத்தினார். மூன்று ஊழியர், வெஸ்டர்லியின் ஐந்து பேர், 122 சிப்பாய்கள்: மொத்தம் 130. அதுவரை அந்தப் படகில் ஒரே சமயத்தில் ஏறியதில் அதிகபட்சம் 21 பேர்.

65 பேருக்கான படகை முப்பதுகூட இல்லாமல் இறக்கிய அதே மனிதர்தான் இவர். 28 ஆண்டுக்கு முந்தைய ராத்திரிக்கு இது பரிகாரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் மனதுக்குள் புகுந்து சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் தொழில் அறிந்தவர் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: 1912-ல் அந்தப் படகு எவ்வளவு தாங்கும் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. 1940-ல் தெரிந்திருந்தது. சன்டவுனரைக் கட்டிக்கொண்டவரே அவர்தானே? கடற்படையின் வேறொரு மாலுமி ஓட்டியிருந்தால், ஒன்று நாற்பது பேரோடு திரும்பியிருப்பான், இல்லை 150 பேரோடு கவிழ்ந்திருப்பான். படகு மட்டும் போதாது, நானும் வருவேன் என்று அவர் சொன்னதற்கு வீம்பைத் தாண்டி ஒரு நியாயம் இருந்தது.

திரும்பும் வழியில் விமானத்தைவிடப் பெரிய ஆபத்து சொந்தத் தரப்பு நாசகாரிகள். முழு வேகத்தில் பக்கத்தில் கடக்கும்போது அவை கிளப்பும் அலை, விளிம்புவரை தாழ்ந்திருந்த படகைக் கவிழ்த்துவிடும். ஒவ்வொரு அலையையும் எதிர்கொள்ளும்படி படகைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். புறப்பட்டுச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ராம்ஸ்கேட். கரையைக் கண்டதும் சிப்பாய்கள் எழுந்து நிற்கப் பார்த்தார்கள், படகு ஒருக்களித்தது. மறுபடியும் அதே உத்தரவு: சொல்லும்வரை யாரும் அசையக்கூடாது. கவிழ்ந்த மடக்குப் படகின் முதுகில் முப்பது பேரைச் சாயவைத்த அதே குரல், இப்போது துறைமுகத்துக்குள்ளேயே 130 பேரைப் படுக்கவைத்துக் காப்பாற்றியது.

மேல்தட்டுக்காரர்கள் இறங்கி முடிந்த பிறகும், அடித்தட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கரையில் எண்ணிக்கொண்டிருந்த கடற்படை ஊழியர், இவ்வளவு பேரை எங்கேதான் வைத்திருந்தீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். லைட்டோலருக்கு உடனே இன்னொரு நடை போய்வர ஆசை. ஆனால் இனிமேல் வேகமான கப்பல்கள் மட்டுமே என்று உத்தரவு வந்துவிட்டது. தளபதி மாண்ட்கோமரியின் படைப்பிரிவில் இருந்த இன்னொரு மகன் டிரெவரும் அந்தக் கரையில் இருப்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தார். டிரெவர் இரண்டு நாள் முன்பே பத்திரமாக இங்கிலாந்து சேர்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 4-ல் எல்லாம் முடிந்தபோது மீண்டவர்கள் 3,38,226 பேர். அதில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். மணற்கரையிலிருந்து ஏறியவர்கள் 98,780. துறைமுகத்திலிருந்தும் அந்த அலைத்தடுப்பிலிருந்தும் ஏறியவர்கள் 2,39,446. பத்தில் ஏழு பேரை இங்கிலாந்து சேர்த்தவை நாசகாரிகளும் பயணிக் கப்பல்களும் கண்ணிவாரிகளும்தான். மணற்கரையிலிருந்து வந்தவர்களிலும் பெரும்பாலோரைச் சிறிய படகுகள் கரையிலிருந்து பெரிய கப்பல்வரைதான் கொண்டுபோயின. சிறிய படகுகளின் வேலை இல்லாவிட்டால் அந்த 98,780-ல் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதும் கேள்விதான்; ஆகவே அவற்றைக் குறைத்துச் சொல்லவும் கூடாது.

ஆனால் சொந்தப் படகை உரிமையாளரே ஓட்டிக்கொண்டு போன கதைதான் பிரிட்டனுக்குப் பிடித்திருந்தது. ஜூன் 5-லேயே எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி வானொலியில் பேசி அந்தச் சிறிய படகுகளை மக்கள் மனதில் ஏற்றினார். ராணுவம் தோற்று ஓடி வந்த வாரத்தில் சாதாரண மனிதன் ஜெயித்த கதை ஒன்று தேவைப்பட்டது. உண்மையில் படகுகளில் பெரும்பாலானவற்றை ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்த, படகின் பெயரைக்கூடக் கரையில்தான் முதலில் பார்த்த கடற்படைச் சிப்பந்திகள். டச்சு சரக்குப் படகுகள் நாற்பதை அப்படியே கடற்படை எடுத்து ஓட்டியது. அவை மட்டும் 22,000 பேருக்கு மேல் கொண்டுவந்தன. யாருக்காவது அவற்றின் பெயர் தெரியுமா? விதிவிலக்கான லைட்டோலர் விதியாகிப்போனார். 2017-ல் கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கர்க்’ படத்தில், விமானியான மகனைப் பறிகொடுத்துவிட்டுப் படகை எடுத்துக்கொண்டு போகிற டாசன் என்ற பெரியவரைப் பார்த்தவர்களுக்கு அவர் யாருடைய சாயல் என்று இப்போது புரியும். நோலனைக் குறை சொல்லவில்லை. படத்துக்கு ஒரு முகம் வேண்டும், வரலாற்றுக்கு எல்லா முகமும் வேண்டும்.

லைட்டோலர் போர் முடியும்வரை அதே சிறு கலங்கள் பிரிவுக்காகப் படகுகளைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் கொண்டுசேர்க்கும் வேலை செய்தார். 1945 மார்ச்சில், போர் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, சேனல் தீவுகளில் எஞ்சியிருந்த ஜெர்மானியர்கள் பிரான்சின் கிரான்வில் துறைமுகத்தைத் திடீரெனத் தாக்கினார்கள். அதில் ரோஜர் இறந்தார். சன்டவுனரில் சுக்கான் பிடித்து ஆட்களை அடுக்கிய மகன். போரின் தொடக்கத்தில் ஒரு பிள்ளை, முடிவில் ஒரு பிள்ளை.

பிறகு ரிச்மண்டில் ஒரு சிறிய படகுப் பட்டறை நடத்தினார். நதிப் போலீசுக்கு மோட்டார் படகுகள் கட்டிக் கொடுத்தார். 1952 டிசம்பர் 8-ல், லண்டனை நச்சுப் புகைமூட்டம் மூடியிருந்த அந்த நாட்களில், 78 வயதில் இதயநோயால் இறந்தார்.

டன்கர்க் போய்வந்த படகுகளின் பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலை கால் நூற்றாண்டு கழித்துத்தான் தொடங்கியது. ஒலிபரப்பாளர் ரேமண்ட் பேக்ஸ்டர், தான் வாங்கிய பழைய படகு டன்கர்க் போய்வந்தது என்று தெரிந்ததும் 1965-ல் மற்ற படகுகளையும் திரட்டி மறுபடி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். டன்கர்க் சிறு கப்பல்கள் சங்கம் அதிலிருந்து பிறந்தது. செயின்ட் ஜார்ஜ் சிலுவையின் நடுவே டன்கர்க் நகரச் சின்னம் பதித்த கொடி அந்தப் படகுகளுக்கு மட்டும் உரியது. இன்று பழைய படகு விற்பனைக்கு வந்தால், 1940-ல் அங்கே போனதா என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரமிருந்தால் விலை கூடுகிறது. கணக்கில்லாமல் அள்ளிக்கொண்டு போன படகுகளுக்கு ஆதாரம் தேடுவது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை. சன்டவுனருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கிழக்கு கென்ட் கடல்சார் அறக்கட்டளை அதை வாங்கி, 130 பேரை இறக்கிய அதே ராம்ஸ்கேட்டில் பாதுகாத்தது.

கடற்படை கேட்டபோது எல்லோரும் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிடவில்லை. கரையோர ஊர்களின் உயிர்காப்புப் படகுகள் 19 போயின. ராம்ஸ்கேட், மார்கேட் படகுகளை மட்டும்தான் அவற்றின் சொந்த ஆட்கள் ஓட்டினார்கள். ஹைத் ஊர்ப் படகோட்டிகள் முடியாது என்று மறுத்தார்கள். கனமான படகை அந்த மணலில் ஏற்றினால் திரும்ப இறக்க முடியாது, நாங்கள் செத்தால் குடும்பத்துக்கு என்ன வழி என்று கேட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்றார்கள், வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இருந்ததா என்று அடுத்த வாரம் பார்ப்போம்.